சூரியனின் பதினொரு நாள் நடுக்கம்

கப்பல் புறப்பட இன்னும் அறுபத்தொரு மணி நேரம் இருந்தது. நிறைமதி இருபது லிட்டர் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மகள் கையில் ஒரு செம்பைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுரங்கத் தெருவில் அதற்குள் இருநூறு பேர் குடத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், சுரங்கத் தொழிலாளர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் எல்லோரும் இருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர் என்று அவர்களில் யாரும் இல்லை. புதன் கோளில் மனிதரின் எடை பூமியில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. சுமை இல்லாத எலும்பு நாளடைவில் பஞ்சாகிவிடும். அதனால் நிழற்குழிக் குடியிருப்பில் வயது வந்த ஒவ்வொருவரும் தினம் காலையில் ஒரு மணி நேரம் நிறைகுடத்தோடு நடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே விதித்திருந்தார்கள். அதற்குக் குடநடை என்று பெயர்.

குடத்தில் இருப்பது மறுநீர். கழிவெல்லாம் ஆலைக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வருவது. குடிக்கலாம், தீங்கில்லை. ஆனால் வைக்கோல் நிறத்தில் இருக்கும், மருந்து வாசம் அடிக்கும். அதுவும் பதினொரு நாளுக்கு ஒரு நாள் வராது. ஆலையின் வடிகட்டியைக் கழுவும் அந்த நாளை வறள்நாள் என்பார்கள். இன்று வறள்நாள்.

"அம்மா, டைட்டன்ல குடம் எவ்ளோ கனமா இருக்கும்?" என்றாள் துளிர்.

"இங்க இருக்கிறதைவிட ரொம்பக் கம்மி."

"அப்போ மூணு குடம் தூக்கணுமா?"

"தூக்கணும்."

"ஒரு இடுப்புல ஒண்ணு, இன்னொரு இடுப்புல ஒண்ணு. மூணாவதை?"

"தலையில வச்சுக்கோ."

துளிர் சிரித்தாள். அவளுக்கு ஏழு வயது. கப்பலில் முந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கைகள். எல்லாம் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. சனிக் கோளின் நிலவான டைட்டனுக்குப் பயணம் நான்கு ஆண்டுகள். பெரியவர்களுக்கான கப்பலை இனிமேல்தான் கட்ட வேண்டும். ஒன்பது ஆண்டுகள் ஆகலாம் என்றார்கள். துளிரின் தந்தை அவள் தவழும்போதே தாதுக் கப்பலில் பூமிக்குப் போனவன். ஆண்டுக்கொரு செய்தி அனுப்புவான். நிறைமதிக்கு இந்தக் குழியில் சொந்தம் என்று இருந்தது செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகும் இந்த ஒருத்திதான்.

அவளை அனுப்பச் சொன்ன வரைபடத்தை வரைந்ததும் நிறைமதியின் கைதான்.

*

நிழற்குழியில் வாழும் மூவாயிரம் பேர் சூரியனைப் பார்த்ததே இல்லை. பார்க்க நினைப்பவர் பொசுங்கிப்போவார். வடதுருவப் பள்ளம் ஒன்றின் நிரந்தர நிழலில், பாறைக்கு அடியில் அவர்கள் பனியை வெட்டி வாழ்ந்தார்கள். ஆனாலும் அவர்கள் அங்கே குடியேறியதே சூரியனைக் கவனிப்பதற்குத்தான்.

அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது அதிர்வு. சூரியனின் மேற்பரப்பு, கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைப் போல ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. உள்ளே அலையும் ஒலி அதைத் தூக்கிப் போடுகிறது. பள்ளத்தின் விளிம்பில் இருந்த பழைய தொலைநோக்கி ஒன்று அந்த ஏற்ற இறக்கத்தை எழுபது ஆண்டுகளாகக் குறித்து வந்தது. இரண்டாவது நியூட்ரினோ. சூரியனின் கருவில் பிறந்து, எதிலும் தட்டாமல், மூன்றே நிமிடத்தில் புதனைத் துளைத்துக்கொண்டு போகும் துகள். குடியிருப்பில் அதை ஊடுருவி என்பார்கள். வழியில் அது மூன்று சாயல்களுக்கு மாறி மாறி அலையும். பாறைக்கு அடியில் ஆறு கோடி லிட்டர் தூய நீர் நிரப்பிய ஆழ்தொட்டி இருந்தது. கோடானுகோடி ஊடுருவிகளில் ஏதோ ஒன்று அந்த நீரில் இடறும்போது, கண் சிமிட்டுவதுபோல நீல ஒளி ஒன்று தோன்றும். தொட்டியின் சுவரெங்கும் இருந்த ஒளிக்கண்கள் அதை எண்ணும்.

அந்த எண்ணிக்கை ஏழு ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வந்தது. குறைவது மட்டுமல்ல. பதினொரு நாளுக்கு ஒருமுறை சட்டென்று சரிந்து, மெல்ல ஏறி, பழைய இடத்தை எட்டுவதற்குள் மறுபடி சரிந்தது. ஒவ்வொரு சரிவும் முந்தியதைவிடக் கொஞ்சம் ஆழம். ஊடுருவிகள் யாரும் அறியாத, தொட்டியில் சிக்காத நான்காம் சாயலுக்கு மாறிவிடுகின்றன என்று பூமியில் ஆய்வாளர்களில் ஒரு தரப்பு எழுதியது. ஆய்வகத் தலைவர் ஞானசிகாமணி அதை ஏற்கவில்லை. சூரியனின் கருவே நடுங்குகிறது என்றார். நடுக்கம் முற்றினால் மேற்பரப்பு கிழிந்து சீறும். அந்தச் சீற்றத்தின் முதல் வாசல் புதன். மூன்று கோள்களின் ஆட்சிக்குழுக்களும் கூடி அவர் சொன்னதை நம்பின. அதற்குப் பதினொரு நாள் நடுக்கம் என்று பெயரும் வைத்து, குழந்தைகளை முதலில் தூரத்து டைட்டனுக்கு அனுப்ப முடிவெடுத்தன.

நிறைமதி குடத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள். ஒரு மாதமாகவே அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றாள், நடந்தாள், திரும்ப வந்து அதே வரைபடத்தைத் திறந்தாள். ஒன்று மட்டும் அவளுக்கு ஒட்டவே இல்லை. கருவின் வெப்பம் வெளியே வர ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகலாம். ஆனால் ஒலி கருவிலிருந்து மேற்பரப்பை எட்ட ஒரு மணி நேரம் போதும். கரு நடுங்கினால் அதிர்வு மாறியாக வேண்டும். தொலைநோக்கியின் தாளில் அதிர்வு துளியும் மாறவில்லை.

ஞானசிகாமணியிடம் அதைச் சொன்னபோது ஐம்பத்தெட்டு மணி நேரம் இருந்தது.

"மேல நிக்கிற கண்ணாடிக்கு எழுபது வயசு மதி. அது சொல்றதைப் போய் நம்புறியா?"

"தொட்டிக்கும் அதே வயசுதான் சார்."

"தொட்டியில பழசாக என்ன இருக்கு? வெறும் தண்ணி." அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "எனக்கு மட்டும் ஆசையா? என் பேரனும்தான் போறான். வீட்டுக்குப் போ. பிள்ளையோட இரு."

அவள் போகவில்லை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஏழு ஆண்டுச் சரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் பதினொரு நாள், பதினொரு நாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒன்று மட்டும் பதின்மூன்றாம் நாள் வந்திருந்தது. அளவுப் பிழை என்று அதற்குப் பக்கத்தில் அவளே குறித்திருந்தாள். அந்தத் தேதியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு வறள்நாள் பொங்கலன்று விழுந்தது. பொங்கல் வைக்கத் தண்ணீர் வேண்டுமென்று மக்கள் கேட்டார்கள். ஆலை வறள்நாளை இரண்டு நாள் தள்ளிவைத்தது.

சூரியனும் இரண்டு நாள் தள்ளிவைத்திருந்தது.

*

அதற்குப் பிறகு அவள் கைகள் தாமாகவே வேலை செய்தன. தொட்டியை நிரப்பிய நாளில் மூடி முத்திரையிட்ட நீர்க்குப்பி ஒன்று அலமாரியில் இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைத்தது, யாரும் ஒப்பிட்டதில்லை. தொட்டியின் நீரை வாரம் ஒருமுறை சோதித்து எழுத வேண்டியது நிறைமதியின் பொறுப்பு. ஆனால் அந்த எண் ஐம்பது ஆண்டுகளாக மாறாத எண். போன வார எண்ணையே இந்த வாரத்துக்கும் எழுதுவதுதான் ஆய்வகத்தின் வழக்கம். அவளுக்கு முன் இருந்தவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். தொட்டிக்குள் இருந்த சோதனை விளக்கின் ஒளி ஆண்டுதோறும் மங்கி வந்தபோது விளக்கைச் சந்தேகப்பட்டார்கள். விளக்கை மாற்றிய பிறகும் மங்கியபோது சூரியனைச் சந்தேகப்பட்டார்கள்.

தொட்டியிலிருந்து மாதிரி நீர் பிடிக்கும் குழாய் நான்காம் நடைவழியின் கோடியில் இருந்தது. அவள் கண்ணாடிக் குவளையோடு போனபோது நசீமா அக்கா குடத்தோடு எதிரே வந்தாள். பக்கத்து வீடு. மறுநீர் ஆலையில் வேலை.

"என்ன மதி, இந்தப் பக்கம்?"

"சும்மா, நடக்கலாம்னு. நீங்க?"

"நானும் சும்மாதான்." நசீமா குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டு வேகமாகக் கடந்து போனாள். அவளுக்குப் பின்னால் பள்ளித் தலைமையாசிரியர் குடத்தோடு வந்தார். அவரும் சும்மாதான் நடந்தார். இந்த நான்காம் நடைவழியில் காற்று நன்றாக இருக்கிறது என்றார். காற்று எல்லா நடைவழிகளிலும் ஒரே குழாயில்தான் வருகிறது.

நிறைமதிக்குக் காது சூடேறியது. அந்தக் குழாயை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

துளிர் பிறந்த எட்டாம் நாள் வறள்நாளாக இருந்தது. குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வீட்டில் இருந்தது நடைக்குடத்தின் பழைய மறுநீர் மட்டும். மருந்து நெடி பட்டாலே குழந்தை வீறிட்டது. குழாய்க்கான திறவெண் நிறைமதியிடம் இருந்தது. ஒரு குடம்தானே என்று நினைத்தாள். அளவுமானியில் மட்டம் இறங்கிவிடக் கூடாதென்று, மறுநீரைத் தொட்டியின் நிரப்புவாயில் ஊற்றிவிட்டு அதே அளவு தூய நீரைப் பிடித்துக்கொண்டாள். ஆறு கோடி லிட்டரில் இருபது லிட்டர். அதைக் கண்டுபிடிக்கும் கருவி இன்னும் செய்யப்படவில்லை என்று அன்றைக்கே கணக்குப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் நசீமா குழந்தையின் உச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, "மருந்து வாசமே இல்லையே, என்ன போட்டுக் குளிப்பாட்டுறே?" என்றாள். நிறைமதிக்கு அன்று பொய் சொல்ல வரவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன் அக்கா என்று திறவெண்ணையும் சேர்த்துச் சொன்னாள்.

நசீமாவும் யாருக்கோ மட்டும் சொல்லியிருப்பாள்.

குவளை நீர் கண்ணுக்குப் பளிங்குபோல இருந்தது. ஆனால் நாற்பது மீட்டர் தொட்டியைக் கடக்க வேண்டிய அந்த மெல்லிய நீல ஒளிக்கு அது போதாது. உள்ளே ஊற்றிய அழுக்கில் பெரும்பகுதியைத் தொட்டியின் வடிகட்டி பதினொரு நாளில் அரித்துவிடும். எஞ்சியது தங்கும். அலமாரிக் குப்பியின் நீரோடு ஒப்பிட்டு, தங்கிப்போன உப்பை அளந்து அவள் பின்னோக்கிக் கணக்குப் போட்டாள். ஒரு கோடி லிட்டர் மறுநீர். ஐந்து லட்சம் குடம். ஏழு ஆண்டு வறள்நாள்களால் வகுத்துப் பார்த்தாள். ஒன்றில் தொடங்கி, இரண்டாகி, பத்தாகி, கடைசியில் வறள்நாள் ஒன்றுக்கு மூவாயிரத்தில் வந்து நின்றது.

குடியிருப்பின் மக்கள்தொகையே அவ்வளவுதான்.

*

நிழற்குழியில் கொலைக்கு விசாரணை உண்டு. நீர்க்குற்றத்துக்கு விசாரணை கிடையாது. அடுத்த தாதுக் கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். புதனில் பிறந்த குழந்தை பூமியின் எடையைத் தாங்காது. நிறைமதி இதைச் சொன்னால் துளிர் இங்கே இருப்பாள், அவள் இருக்க மாட்டாள். சொல்லாவிட்டால் அவள் இருப்பாள், துளிர் இருக்க மாட்டாள். எப்படியும் ஒருவர் கப்பல் ஏறியாக வேண்டும். துளிரின் பைக்கு ஆறு கிலோ வரைதான் அனுமதி. நிறைமதி அதைப் பிரித்து அடுக்கினாள். நிறுத்தாள். மறுபடி பிரித்து அடுக்கினாள்.

ஏழு மணி நேரம் இருக்கும்போது ஞானசிகாமணியின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நிறைமதி தாள்களை மேசையில் வைத்தாள். அவர் பொங்கல் தேதியைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், கடைசி எண்ணில் விரலை வைத்தார்.

"மூவாயிரம் பேரும்னா? எவனோ நாலு பேர் எடுத்திருப்பான். எல்லாரும்னு எப்படிச் சொல்றே?"

அவள் டீயைக் குடித்தாள். மருந்து வாசமே இல்லை. இலையின் மணம் மட்டும் இருந்தது. கிளாஸைக் கீழே வைத்தாள்.

"டீ நல்லா இருக்கு சார்."

"அவ போடுற பக்குவம் அப்படி. கொஞ்ச வருஷமாவே..." அவர் நிறுத்திக்கொண்டார். தன் கிளாஸைப் பார்த்தார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கவில்லை. பிடிக்கத் தோன்றியதை அவள் பார்த்தாள். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோனது.

"அவளுக்கு மூட்டு வலி," என்றார். "நல்ல தண்ணி குடிச்சா தேவலைன்னு சொல்லுவா."

"எல்லார் வீட்லயும் ஏதாவது ஒண்ணு இருக்கும் சார்."

"மூணு கோளும் கூடி முடிவெடுத்திருக்கு மதி. சூரியன் சாகுதுன்னேன், ஒருத்தன் எதிர்க்கேள்வி கேக்கலை. குடம்னு சொன்னா மொத கேள்வியே, குழாயைத் திறந்தது யாருன்னுதான் வரும். உன்கிட்டத்தான் எண் இருந்தது." அவர் குரல் இறங்கியது. "கப்பல் போகட்டும். அப்புறம் நிதானமா ஒரு அறிக்கை எழுதுவோம். பிள்ளைங்களுக்கு அங்க ஒண்ணும் குறை வராது."

"நாலு வருஷம் சார். திரும்பி வர வழி இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

*

ஏறுதளத்துக் கூடத்தில் குடியிருப்பு முழுவதும் கூடியிருந்தது. நாற்பது நிமிடம் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள் முதுகில் பையோடு நான்கு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பெற்றோர். நிழற்குழியைவிட்டுப் போகிறவருக்கு வீட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு புட்டியில் கொடுத்தனுப்புவது அங்கே வழக்கம். போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வாய் அதைக் குடித்துவிட்டுத்தான் அந்த ஊர்த் தண்ணீரைத் தொட வேண்டும்.

நிறைமதி அன்று காலையில் வீட்டுக் குழாயைத் திறந்து துளிரின் புட்டியை நிரப்பியிருந்தாள். ஏழு ஆண்டுகளில் முதல்முறையாக அவளால் தொட்டித் தண்ணீரைத் தொட முடியவில்லை.

ஞானசிகாமணி ஒலிவாங்கியின் முன் நின்று பேசினார். சூரியனின் நடுக்கம் என்று இரண்டு முறை சொன்னார், மூன்றாம் முறை சொல்லாமல் விட்டுவிட்டார். பிறகு வழக்கப்படி, புட்டிகளை உயர்த்திக் காட்டுங்கள் என்றார்.

பெற்றோர்கள் உயர்த்தினார்கள். கூரையின் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. வைக்கோல் நிறம் தெரிந்திருக்க வேண்டும். வரிசை வரிசையாகப் புட்டிகள் பளிச்சென்று மின்னின. ஒவ்வொன்றும் கண்ணாடியோடு கண்ணாடியாகத் தெளிந்து நின்றது. முதலில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரின் புட்டியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்கள் புட்டியைப் பார்த்தார்கள். தலைமையாசிரியரின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஒரு பெண் புட்டியைப் புடவைத் தலைப்பில் சுற்றினாள். "எங்க வீட்ல ரெண்டு தடவை வடிகட்டுவோம்," என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள். நசீமா அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூவாயிரம் பேர் இருந்த கூடத்தில் காற்றாடியின் இரைச்சல் மட்டும் கேட்டது. சூரியன் சாகப்போகிறது என்று அறிவித்த அன்றுகூட அவர்கள் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

நிறைமதியின் கை மட்டும் உயர்ந்தபடியே இருந்தது.

"அம்மா," என்றாள் துளிர், எல்லோருக்கும் கேட்கும்படி. "என்னுது மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

அத்தனை முகங்களும் அந்த ஒரு புட்டியின் பக்கம் திரும்பின. நிறைமதிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. வகுப்பில் கையைத் தூக்கவே அஞ்சியவள் அவள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையைவிட்டு வெளியே வந்தாள். ஒலிவாங்கி வரை பதினாறு அடி. எண்ணிக்கொண்டே நடந்தாள். ஞானசிகாமணி விலகி நின்றார்.

"சூரியனுக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள். தன் குரல் நாலாபக்கமும் ஒலிப்பதைக் கேட்டு ஒரு கணம் நின்றாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல மீதியைச் சொன்னாள்.

"கலங்கினது நம்ம தொட்டி. மொதக் குடம் எடுத்தது நான்தான்."